கரையொதுங்கிய பொருள் யாருக்கு உரியது?
கள்ளிக்கோட்டைத் துறைமுகத்தின் பாதுகாப்பு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஒரு நகரம் பாதுகாப்பானதா என்று வினவினால் இன்று நமக்கு எண்கள் விடையாகத் தரப்படுகின்றன. ஒரு லட்சம் மக்கள் தொகைக்கு இத்தனை குற்றங்கள் என்னும் விகிதமே அளவுகோல். ஆனால் அந்த விகிதம் நடந்த குற்றங்களின் கணக்கன்று. காவல் நிலையத்தில் பதிவான குற்றங்களின் கணக்கு. அஞ்சாமல் முறையிடக்கூடிய இடத்தில் எண் உயரும். முறையிடவே அஞ்சும் இடத்தில் எண் தாழும். கேரளத்தின் குற்ற விகிதம் தேசிய சராசரியைவிட உயர்ந்து காணப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம் என ஆய்வாளர் கூறுவர். எனவே எண் மட்டுமே பாதுகாப்பைக் காட்டிவிடாது. வேறு எதைக்கொண்டு அதனை அறிவது?

இவ்வினாவுக்கு விடை தேட, அதே கேரளத்தின் கடற்கரையில் அறுநூறு ஆண்டுகளுக்கு முன் இருந்த ஒரு நகரத்தை எடுத்துக்கொள்வோம். தமிழர் கள்ளிக்கோட்டை என வழங்கும் கோழிக்கோடு அது. அங்கே குற்றப் பதிவேடுகள் இல்லை. ஆயினும் வெவ்வேறு நாட்டினர், வெவ்வேறு காலங்களில் அந்நகரைக் கண்டு எழுதிவைத்த சாட்சியங்கள் உள்ளன.

முதலில் ஒன்றைக் கருத வேண்டும். கள்ளிக்கோட்டைக்கு இயற்கையான துறைமுகம் கிடையாது. கலங்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டு, சிறு தோணிகளில் சரக்கை இறக்க வேண்டும். மிளகு விளையும் நிலம் மலபார்க் கரையெங்கும் உண்டு. இருந்தும் சீனக் கலங்களும் அரபு, பாரசீகக் கலங்களும் இந்த வசதியற்ற கரையைத் தேடி வந்தன. அவற்றை ஈர்த்தது எது?

மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா, முஹம்மது பின் துக்ளக்கின் தூதராகச் சீனா செல்வதற்கு 1342இல் (ஹிஜ்ரி 743) தில்லியிலிருந்து புறப்பட்டுக் கள்ளிக்கோட்டை வந்து சேர்ந்தார். அப்போது அங்கே 13 சீனக் கலங்கள் நின்றிருந்தன. பருவக்காற்றுக்காக மூன்று மாதங்கள் அங்கே தங்கினார். புறப்படும் வேளையில், தம் உடைமைகளையும் உடன் வந்தோரையும் கலத்திற்கு அனுப்பிவிட்டு, ஜும்ஆத் தொழுகைக்காகத் தாம் மட்டும் கரையில் நின்றார். அன்றிரவு புயல் எழுந்தது. தில்லி சுல்தானின் பரிசுப் பொருள்களை ஏற்றியிருந்த பெருங்கலம் உடைந்து, அதிலிருந்தோர் மாண்டனர். இப்னு பதூதாவின் உடைமைகள் இருந்த மற்றொரு கலம் அவரை விட்டுவிட்டுக் கடலோடிப் போய்விட்டது. அவரிடம் எஞ்சியவை பத்து தீனாரும் படுத்திருந்த விரிப்பும்தான்.

அந்தக் காலையில் கடற்கரையில் கண்டதை அவர் தம் ரிஹ்லாவில் பதிவு செய்துள்ளார். நகரை ஆண்ட சாமூதிரி, இடையில் வெண்ணிற ஆடையும் தலையில் சிறு தலைப்பாகையும் அணிந்து, வெறுங்காலுடன் கரையில் நின்றார். அவருடைய காவலர்கள், கடல் ஒதுக்கிய சரக்கைக் கூட்டத்தினர் அள்ளிச் செல்லாதவாறு அடித்து விரட்டிக்கொண்டிருந்தனர். மலபாரின் மற்ற ஊர்களில் உடைந்த கலத்தின் பொருள் அரசின் கருவூலத்தைச் சேரும். கள்ளிக்கோட்டையில் மட்டும் அது உடையவருக்கே திரும்பும். அந்நகரம் செழித்ததற்கும் வணிகர் அங்கே குவிவதற்கும் இதுவே காரணம் என்பது அவர் கூற்றின் சாரம். அனைத்தையும் இழந்து நின்ற ஒருவரின் சாட்சியம் என்பதால் இதன் எடை கூடுகிறது.

மற்ற ஊர்களின் வழக்கம் பற்றி அவர் கூறுவது மிகைப்படுத்தலன்று. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரை வழியே சென்ற மார்க்கோ போலோ, ஏழிமலைப் பகுதியில் வேறு துறைக்குச் செல்லும் கலம் தவறி வந்து நங்கூரமிட்டால் அதன் சரக்கைப் பறித்துக்கொள்வர் என எழுதியுள்ளார். இறைவனே அதனைத் தங்களிடம் அனுப்பினான் என்பது அவர்கள் சொல்லும் நியாயம். கீழைக் கரையிலும் இதே நிலைதான். காகத்திய மன்னர் கணபதிதேவர் 1244-45இல் மோட்டுப்பள்ளித் துறைமுகத்தில் பொறித்த அபய சாசனம், புயலில் சிக்கி வந்த கலங்களின் பொருளை முந்தைய அரசர்கள் வலிந்து கவர்ந்தனர் என்று ஒப்புக்கொண்டு, இனி உரிய சுங்கம் மட்டுமே பெறப்படும் என உறுதியளிக்கிறது. அக்கால இந்தியக் கரைகளில் அந்நியனின் பொருளைக் கவர்வது பல இடங்களில் குற்றமாகவே கருதப்படவில்லை. அரசரின் உரிமையாகக் கருதப்பட்டது. இதனை நினைவிற்கொண்டால்தான் கள்ளிக்கோட்டையின் தனித்தன்மை விளங்கும்.

இப்னு பதூதாவுக்கு நூறாண்டுகளுக்குப் பின், 1442இல், ஹிராத்திலிருந்து தைமூரிய மன்னர் ஷாருக்கின் தூதராக அப்துர் ரஸ்ஸாக் சமர்கந்தி வந்தார். அவருக்கு இந்நகரம் பிடிக்கவில்லை. மக்களின் தோற்றத்தையும் ஆடையையும் இகழ்ந்தே எழுதினார். தங்கிய நாட்களைத் துன்ப நாட்களாகவே எண்ணினார். ஆயினும் நகரின் பாதுகாப்பையும் நீதியையும் அவரால் புகழாமல் இருக்க இயலவில்லை. வணிகர்கள் சரக்கை இறக்கிக் கடைத்தெருவுக்கு அனுப்பிவிட்டு, கணக்குப் பார்ப்பதையோ காவல் வைப்பதையோ பற்றிக் கவலைப்படுவதில்லை. சுங்க அதிகாரிகளே இரவும் பகலும் அதனைக் காப்பர். விற்றால் 40இல் 1 பங்கு சுங்கம். விற்காவிட்டால் எதுவும் இல்லை. காற்றினால் திசை மாறி வந்த கலத்தை மற்ற துறைகளில் கொள்ளையிடுவர். இங்கே எங்கிருந்து எங்கே செல்லும் கலமாயினும் மற்றக் கலங்களைப் போலவே நடத்தப்படும் என்கிறார் அவர். நூறாண்டு இடைவெளியில் வந்த இருவர், ஒருவர் மொரோக்கோவினர், மற்றவர் குராசானியர், ஒரே வழக்கத்திற்குச் சான்று பகர்கின்றனர். ஓர் அரசரின் தனிப்பட்ட நற்குணம் நூறாண்டு நிலைப்பதில்லை. எனவே இது நிலைபெற்ற ஒரு நெறிமுறை எனக் கொள்வதே பொருந்தும்.

மத்ரஸாக்களில் ஃபிக்ஹு பயின்றோர்க்கு இந்நெறி புதிதன்று. பிறர் பொருளைக் காப்பவன் அமானிதம் பெற்றவன். தொலைந்த பொருள் வேறொருவர் கையில் கிடைத்த மாத்திரத்தில் அதன் உரிமை உடையவனை விட்டு நீங்குவதில்லை. இதனை நாம் லுகத்தா எனும் பாடத்தில் படிக்கிறோம். முஸ்லிம் வணிகரிடம் 40இல் 1 பங்கு பெறும் வழக்கம் உமர் (ரலி) அவர்களின் சுங்க ஏற்பாட்டிலும் காணப்படுவது. ஆயினும் சாமூதிரி இவற்றை நம் நூல்களிலிருந்து கற்றார் எனப் பெருமை பேசுவது முறையன்று. நீதியின் அடிப்படைகளை முஸ்லிமல்லாத ஓர் அரசர் தம் அறிவாலும் அனுபவத்தாலும் கண்டடைந்தார் என ஏற்பதே நேர்மை.

அந்நெறி நடைமுறையில் எவ்வாறு இயங்கியது? இப்னு பதூதாவின் காலத்தில் துறைமுக வணிகரின் தலைவராகிய ஷாபந்தர், பஹ்ரைனைச் சேர்ந்த இப்ராஹீம் என்பவர். 15ஆம் நூற்றாண்டில் ஜெங் ஹேயின் கடற்படையுடன் வந்த மா ஹுவான், இருதரப்பும் அதிகாரியின் முன்னிலையில் கைகோத்து விலை பேசி முடித்துவிட்டால், பின்னர் ஏற்றமோ இறக்கமோ எதுவாயினும் வார்த்தை மாறுவதில்லை என்கிறார். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய போர்ச்சுக்கீசியர் பர்போசா, அயல்நாட்டு முஸ்லிம் வணிகர் ஒருவர் வந்திறங்கினால், காவலுக்கு ஒரு நாயர், கணக்கெழுத ஒரு செட்டி, வணிகத்திற்கு ஒரு தரகர் என மூவரை அரசர் அமர்த்தித் தருவார் எனக் குறிக்கிறார். அந்நியனுக்குத் தீங்கு நேர்ந்தால் பதில் சொல்லவேண்டியவர் யார் என்பது முன்கூட்டியே தெளிவாக இருந்தது.

தண்டனையும் கடுமையாக இருந்தது. சாமூதிரியின் பிரதிநிதியுடைய சகோதரி மகனோ சகோதரன் மகனோ ஆன ஓர் இளைஞன், முஸ்லிம் வணிகர் ஒருவரின் வாளை வலிந்து பறித்தான். வணிகர் முறையிட்டார். அந்த வாளுடன் வந்த இளைஞனை அழைத்து விசாரித்த பிரதிநிதி, விலை கொடுத்து வாங்கவில்லை என அறிந்ததும், அதே வாளால் அவன் தலையை வெட்டச் செய்தார் என இப்னு பதூதா கூறுகிறார். இதனைப் படிப்போர் கடுந்தண்டனையே பாதுகாப்பைத் தந்தது என முடிவு கட்டுவதுண்டு. எனக்கு அது முழுமையான விடையாகத் தோன்றவில்லை. கடுந்தண்டனை மற்ற ஊர்களிலும் இருந்தது. இச்செய்தியில் வியப்புக்குரியது, அயலூர் வணிகர் ஒருவர் ஆட்சியாளரின் உறவினன் மீது துணிந்து முறையிட்டதும், அம்முறையீடு கேட்கப்பட்டதுமாகும்.

குறைகளையும் மறைக்கலாகாது. குற்றம் சாட்டப்பட்டவன் மறுத்தால் கொதிக்கும் எண்ணெயில் விரலை இடச் செய்து உண்மையைச் சோதிக்கும் வழக்கத்தை மா ஹுவான் விவரிக்கிறார். நாயர்கள் வழியில் கூவிச் செல்ல, தாழ்த்தப்பட்ட சாதியார் விலகி ஓடவேண்டியிருந்ததையும், தவறினால் உயிருக்கே ஆபத்து என்பதையும் பர்போசா எழுதியுள்ளார். வணிகனுக்குப் பாதுகாப்பாக இருந்த அதே சாலை இவர்களுக்குப் பாதுகாப்பாக இல்லை. நமக்குக் கிடைத்துள்ள சாட்சியங்கள் பெரும்பாலும் வணிகரையும் தூதரையும் சார்ந்தவை என்பதை மறந்து அந்நகரைப் பொற்காலமாக்குவது வரலாற்றுக்கு இழைக்கும் அநீதி.

அந்தப் பாதுகாப்பு எவ்வாறு சிதைந்தது என்பதும் நம் கவனத்திற்குரியது. 1498இல் வாஸ்கோட காமா வந்தார். 1500 டிசம்பரில் கப்ரால், துறையில் மிளகு ஏற்றிக்கொண்டிருந்த முஸ்லிம் கலம் ஒன்றைப் பிடித்தார். சினங்கொண்ட நகரத்தார் கரையிலிருந்த போர்ச்சுக்கீசியரின் பண்டகசாலையைத் தாக்கி ஐம்பதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றனர். தூண்டுதல் எதுவாயினும், அந்நியனின் உயிரையும் பொருளையும் காப்பதையே தன் பெருமையாகக் கொண்ட நகரம் அன்று தன் நெறியிலிருந்து வழுவியது என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். கப்ரால் துறையிலிருந்த கலங்களைக் கைப்பற்றிப் பலரைக் கொன்று, நகரைப் பீரங்கிகளால் தாக்கினார். 1502இல் மீண்டும் வந்த காமா, மக்காவிலிருந்து திரும்பிய யாத்திரிகர் கலத்தைப் பெண்கள், குழந்தைகளுடன் எரித்தார். முஸ்லிம்களை நகரிலிருந்து வெளியேற்றுமாறு கோரினார், சாமூதிரி மறுத்தார். 1510இல் அல்புகர்க்கியின் படை நகருக்குள் புகுந்தபோது, குற்றிச்சிறையிலுள்ள மிஸ்கால் பள்ளிவாசல் தீக்கிரையானது. இப்னு பதூதா புகழ்ந்து குறிப்பிடும் கப்பலதிபர் மிஸ்காலின் பெயரால் வழங்கும் அப்பள்ளி பின்னர் புதுப்பிக்கப்பட்டு, இன்றும் தொழுகை நடைபெறும் இடமாக உள்ளது.

இந்தச் சிதைவுக் காலத்தின் சான்று ஷைகு ஸைனுத்தீன் மக்தூம் அவர்களின் துஹ்ஃபதுல் முஜாஹிதீன். தமிழக மாணவர்கள் ஃபத்ஹுல் முஈன் வாயிலாக நன்கறிந்த அதே ஆசிரியர்தான். 1583 வரையிலான நிகழ்வுகளைக் கூறும் அந்நூல் போர்ச்சுக்கீசியருக்கு எதிரான அழைப்பு என்பது உண்மை. ஆனால் அதே நூலில், முஸ்லிமல்லாத மலபார் அரசர்கள் முஸ்லிம்களைக் கண்ணியத்துடன் நடத்தியதையும், அவர்தம் மார்க்க வழக்கங்களைக் காத்ததையும் நன்றியுடன் அவர் பதிவு செய்கிறார். நேர்ந்த துன்பத்திற்குத் தம் சமுதாயத்தின் தவறுகளையும் காரணமாகக் காட்டுகிறார். பகைவனைக் குற்றம் சாட்டும் நூலில் நண்பனுக்கு நன்றியும் தன்னைப் பற்றிய விசாரணையும் இடம்பெறுவது அரிது.

கள்ளிக்கோட்டையின் வரலாறு இன்றைய நகரங்களுக்கு ஓர் அளவுகோலைத் தருகிறது. பதிவேட்டின் எண்களுடன் இன்னும் சிலவற்றையும் வினவ வேண்டும். ஊருக்குப் புதியவன், வேற்று மொழியினன், வேற்றுச் சமயத்தவன் தன் பொருளை நம்பி வைக்க முடிகிறதா? அதிகாரமுடையவரின் உறவினன் மீது அவன் முறையிட முடிகிறதா? அந்நகரின் கடைக்கோடியில் வாழ்பவனுக்கும் அதே சாலை பாதுகாப்பாக உள்ளதா? முதல் இரண்டு வினாக்களுக்கும் அன்றைய கள்ளிக்கோட்டை ஆம் என்று விடையளித்தது. மூன்றாவதற்கு அதனால் இயலவில்லை. நாம் வாழும் ஊர்களுக்காக இம்மூன்றையும் கேட்கும் கடமை நமக்கு உண்டு. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர்களில் அக்கடமை இன்னும் கூடுதலாக உண்டு.