பேசாத பிள்ளைக்காகக் காத்திருந்த ஊர்

எங்கள் பக்கத்தில் பேச்சு வராத பிள்ளைக்கு முதல் மருந்து வசம்பு. விளக்கில் சுட்டு, தேனில் உரைத்து நாக்கில் தடவுவார்கள். பிள்ளை வளர்ப்பான் என்று அதற்கு ஒரு பெயரே உண்டு. அதற்கும் வாய் திறக்காவிட்டால் கோயில் மணியில் ஊற்றி எடுத்த தண்ணீர். பிறகு தர்காவில் ஓதிக் கட்டிய கயிறு. பிறகு குலதெய்வத்துக்கு மணி வாங்கிக் கட்டுவதாக வேண்டுதல். இவை எல்லாவற்றுக்கும் நடுவில் வீட்டார் காத்துக்கொண்டே இருப்பார்கள். “ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும்”, “அவங்க தாத்தாவுக்கே அஞ்சு வயசுலதான் பேச்சு வந்துச்சு” என்று யாராவது சொல்லி அந்தக் காத்திருப்பை நீட்டித்துத் தருவார்கள்.

நான் கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்தவள். ஓய்வு பெறும்வரை அங்கே தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தேன். மகளைப் பூதிகோட்டையில் கொடுத்திருந்ததால் பிறகு நானும் இங்கேயே வந்துவிட்டேன். ஹைதர் அலி பிறந்த ஊர் என்று சரித்திரம் சொல்லும் ஊர் இது. மகள் வயிற்றுப் பேரனுக்கு ஆட்டிசம் இருக்கிறதா என்று பார்க்க அலைந்தபோதுதான், பிள்ளை பேசக் காத்திருப்பதும் எங்கள் சீமையில் ஒரு வழக்கம், அதற்கும் ஒரு வரலாறு உண்டு என்று புரிந்தது.

முன்னோரை நான் குறை சொல்ல மாட்டேன். போக ஓர் இடம் இல்லாதவர்கள் காத்திருக்காமல் என்ன செய்திருப்பார்கள்?

1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்து தங்கச் சுரங்கத்தைக் கையில் எடுத்தது. வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து எங்கள் கொள்ளுத்தாத்தாக்கள் சாரை சாரையாக வந்தார்கள். 1894இல் பங்காரப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பத்துக்கு ரயில். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம். கம்பெனிக்குச் சொந்தமாக ஆஸ்பத்திரியும் இருந்தது. அந்த நாளில் இந்தியாவின் பல நகரங்களில் இல்லாத வசதிகள் இங்கே இருந்தன. ஆனால் எதை அளப்பது என்பதைக் கம்பெனிதான் தீர்மானித்தது. 1940களில் ஏழாயிரத்துக்கும் அதிகமான தொழிலாளர்களின் நெஞ்சைப் பரிசோதித்தார்கள். நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் சிலிகோசிஸ் இருந்தது தெரியவந்தது. பாறைத்தூசி நுரையீரலில் படிந்திருப்பதைக் கண்டுபிடிக்கத் தெரிந்த ஊரில், ஒரு மூன்று வயதுப் பிள்ளை ஏன் அம்மாவின் முகத்தைப் பார்ப்பதில்லை என்று கேட்க ஆள் இல்லை. தங்கவயலை மட்டும் சொல்லிப் பயனில்லை. அன்று சென்னையிலும் இல்லை, லண்டனிலும் அநேகமாக இல்லை.

எங்கள் லைனில் ஓர் அண்ணன் இருந்தார். லைன் என்றால் சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கம்பெனி கட்டிக் கொடுத்த ஒற்றை அறை வீட்டு வரிசை. ஷிஃப்டு சங்கு ஊதினால் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவார். பூமிக்கடியில் பாறை வெடித்து வீட்டுச் சுவர் அதிர்ந்தால் அன்றைக்கெல்லாம் சோறு இறங்காது. சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுச் சக்கரத்தைச் சுற்றிவிட்டால் சாயங்காலம்வரை பார்த்துக்கொண்டிருப்பார். பேச்சு கிடையாது. ஆனால் எந்த வீட்டுக்கு விருந்தாளி எந்த நாள் வந்தார் என்பது அவருக்குத் தெரியும். அந்த வீட்டு வாசலைக் காட்டி, நாட்காட்டியில் தேதியைத் தொட்டுக் காட்டுவார். லைன் முழுக்க அவரைப் பார்த்துக்கொண்டது. யார் வீட்டிலும் சாப்பிடுவார். எல்லாம் சரி. ஆனால் அவர் அம்மாவை, நாங்கள் பெரியம்மா என்று கூப்பிட்டவரை, ஒருவரும் விடவில்லை. கிரகணத்தன்று வெளியே வந்தாளாம், மாசமாக இருக்கும்போது எதையோ பார்த்துப் பயந்தாளாம். சாகும்வரை அந்தப் பழியைச் சுமந்தார்.

இதைப் படிக்காதவர்களின் பேச்சு என்று தள்ளிவிட முடியாது. அதே காலத்தில், 1967இல், சிகாகோவில் புருனோ பெட்டல்ஹைம் என்ற பேராசிரியர் தடித்த புத்தகம் ஒன்று எழுதி, தாயின் அன்பு வற்றியதால்தான் பிள்ளைக்கு ஆட்டிசம் வருகிறது என்ற கருத்தை உலகமெங்கும் பரப்பினார். மாரிக்குப்பத்துத் திண்ணையில் கிரகணம். சிகாகோ பல்கலைக்கழகத்தில் தாய்ப்பாசக் குறைவு. இரண்டுமே பெற்றவள் தலையில் விழுந்தன. அந்தப் புத்தகத்துக்கு மூன்று வருடம் முன்பே, 1964இல், ஆட்டிசம் உள்ள மகனைப் பெற்ற பெர்னார்டு ரிம்லாண்டு என்ற உளவியலாளர், இது மூளை வளர்ச்சி சார்ந்தது, பெற்றோரின் குற்றமில்லை என்று எழுதியிருந்தார். அவர் சொன்னது நிலைபெற இன்னும் பல வருடங்கள் ஆயின. எங்கள் பெரியம்மாவுக்கு அது போய்ச் சேரவே இல்லை.

இந்தக் குறைபாட்டைத் தனியாக அடையாளம் கண்ட கதையில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு கடிதம். அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலத்து ஃபாரஸ்ட் என்ற சிற்றூரில் டொனால்டு டிரிப்லெட் என்ற சிறுவன். அவன் அப்பா, மகன் என்ன செய்கிறான், எதைச் செய்வதில்லை என்று 33 பக்கம் தட்டச்சு செய்து பால்டிமோரில் இருந்த லியோ கானர் என்ற டாக்டருக்கு அனுப்பினார். 1938இல் கானர் அந்தப் பிள்ளையைப் பார்த்தார். 1943இல் 11 குழந்தைகளைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையில் முதல் குழந்தை டொனால்டுதான். இன்றைக்கு உலகம் முழுக்க நடக்கும் ஆட்டிசம் மதிப்பீட்டுக்கு ஒரு தகப்பனின் குறிப்புகள் வழி திறந்தன. அந்த டொனால்டு, சொந்த ஊரிலேயே வங்கியில் வேலை பார்த்து, கார் ஓட்டி, ஊர் சுற்றி, 89 வயதுவரை வாழ்ந்து 2023இல் காலமானார்.

நம் நாட்டில் அளவுகோல்கள் வேறு வாசல் வழியாக வந்தன. 1930களில் தார்வாட்டில் வி. வி. காமத் என்ற கல்வியாளர், பிரெஞ்சுக்காரர் பினே உருவாக்கிய அறிவுத்திறன் சோதனையைக் கன்னட, மராத்திப் பிள்ளைகளுக்கு ஏற்றபடி மாற்றினார். பினே–காமத் சோதனை என்று இன்றும் அதைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் கேள்வி கேட்டால் பதில் சொல்லும் பிள்ளைக்குத்தான் அது பெரிதும் உதவும். பேசாத பிள்ளையை என்ன கேட்பது? நாக்பூரில் மாலின் என்பவர் இந்தியச் சூழலுக்கு மாற்றிய வைன்லாண்டு அளவுகோல் அந்தச் சிக்கலைத் தாண்டியது. அது தாயைக் கேட்கிறது: தானாகச் சாப்பிடுவானா, பட்டன் போடுவானா, மற்ற பிள்ளைகளோடு விளையாடுவானா. 1991இல் திருவனந்தபுரத்தில் டாக்டர் எம். கே. சி. நாயர் குழுவினர் இரண்டு வயது வரையான குழந்தைகளுக்கு 17 வரிகளில் ஓர் அட்டவணை போட்டார்கள். குழந்தையின் வயதில் ஒரு பென்சிலைச் செங்குத்தாக வைத்தால் போதும். பென்சிலுக்கு இடதுபுறம் முடிந்திருக்க வேண்டியதைக் குழந்தை செய்யவில்லை என்றால் டாக்டரிடம் அனுப்ப வேண்டும். சுகாதாரப் பணியாளர் எவரும் சில நிமிடத்தில் பார்த்துவிடலாம். இந்த நாட்டில் குழந்தைகளுக்காக நடந்த நல்ல வேலைகளில் ஒன்று என்று இதைச் சொல்வேன்.

ஆட்டிசத்துக்கென்றே நம் நாட்டு அளவுகோல் வர 2009 ஆகிவிட்டது. செகந்திராபாத்தில் உள்ள, மனவளர்ச்சி குன்றியோருக்கான தேசிய நிறுவனம் தயாரித்த ஐசா என்ற அந்த அளவுகோல் 40 கேள்விகள் கொண்டது. பழகுவது, உணர்ச்சி, பேச்சு, நடத்தை, புலனுணர்வு, அறிதல் என்று ஆறு பகுதி. மொத்தம் 70க்குக் கீழே என்றால் ஆட்டிசம் இல்லை. சட்டமும் இதே வேகத்தில்தான் நடந்தது. 1995 ஊனமுற்றோர் சட்டத்தில் ஆட்டிசம் என்ற சொல்லே கிடையாது. 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில்தான் பெயர் வந்தது. 2016 சட்டத்தில், 21 வகைகளில் ஒன்றாக, முழு உரிமையோடு இடம் கிடைத்தது. அதாவது, என் பேரன் பிறப்பதற்குச் சற்று முன்புவரை இப்படிப்பட்ட பிள்ளைக்குச் சான்றிதழ் வாங்குவதென்றால், ‘மனவளர்ச்சி குன்றியவர்’ என்ற வேறொரு பெயரில்தான் பெரும்பாலும் வாங்க வேண்டியிருந்தது.

வைத்தியத்துக்குப் போகத் தங்கவயல்காரர்களுக்கு இரண்டு ரயில் திசைகள் உண்டு. பங்காரப்பேட்டையிலிருந்து கிழக்கே போனால் காட்பாடி, வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரி. மேற்கே போனால் பெங்களூர். அங்கே ஓசூர் சாலையில் 1954இல் அகில இந்திய மனநல நிறுவனம் தொடங்கி, 1974இல் நிம்ஹான்ஸ் ஆனது. தமிழில் பேசலாம் என்பதால் எங்கள் தலைமுறை வேலூருக்கே போனது. பெரிய வியாதி என்றால் வேலூர், அவ்வளவுதான். பெங்களூருக்குப் பழகியது 2001க்குப் பிறகு. அந்த வருடம் பிப்ரவரி கடைசியில் சுரங்கம் மூடப்பட்டது. சம்பளம் நின்றது, கம்பெனி வைத்தியமும் நின்றது. ஆண்கள் விடியற்கால ரயிலில் பெங்களூருக்குக் கூலிக்கும் செக்யூரிட்டி வேலைக்கும் போக ஆரம்பித்தார்கள். ஆட்டிசம் என்ற சொல்லை எங்கள் வீடுகளுக்கு முதலில் கொண்டுவந்ததும் அந்த ரயில்தான். பெங்களூரில் வீட்டு வேலை பார்த்த பெண்கள், முதலாளி வீட்டுப் பிள்ளையை தெரபிக்குக் கூட்டிப்போய் வந்து, “நம்ம பக்கத்து வீட்டுப் பையனும் அதே மாதிரிதான்க்கா இருக்கான்” என்று பேசிக்கொண்டார்கள்.

என் பேரனுக்கு ஒன்றரை வயதில் இருந்த இரண்டு வார்த்தையும் போய்விட்டது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். மிக்சி ஓடினால் அலறுவான். எனக்கு லைன் அண்ணனின் ஞாபகம் வந்தது. மகளிடம் சொன்னேன். அவள் மாமியார், தங்கமான மனுஷி, கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “சம்பந்தி, புள்ளைய ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா தூக்கிட்டுப் போனா ஊரு ஒரு பேரு வெச்சிடும். அப்புறம் அந்தப் பேரு போவாது.” அந்தப் பயம் பொய்யில்லை. ஊமை, மக்கு, கிறுக்கு என்று லைனில் வைத்த பேரெல்லாம் நான் கேட்டிருக்கிறேன். முதலில் பார்த்த டாக்டரும் அவர் பக்கம்தான் நின்றார். மூன்று வயதுவரை பாருங்கள் என்று சத்து டானிக் எழுதிக் கொடுத்தார். இன்னொருவர், வீட்டில் தமிழ், அங்கன்வாடியில் கன்னடம், தெருவில் தெலுங்கு, எதிர்வீட்டில் உருது என்றால் பிள்ளை குழம்பாமல் என்ன செய்யும், ஒரே மொழியில் பேசுங்கள் என்றார். கோலார் ஜில்லாவில் எந்தப் பிள்ளை ஒரே மொழியில் வளர்ந்தது? பல மொழி கேட்பதால் ஆட்டிசம் வருவதில்லை என்று ஆராய்ச்சிகள் தெளிவாகச் சொல்கின்றன. அம்மாவின் மொழியைப் பறிப்பதால் பேச்சு வந்துவிடாது.

கடைசியில் பெங்களூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மதிப்பீடு நடந்தது. இரத்தப் பரிசோதனையிலோ ஸ்கேனிலோ ஆட்டிசம் தெரியாது என்பதை அங்கேதான் கற்றுக்கொண்டேன். முதலில் காது. கேட்காத பிள்ளையும் பேசாது, கூப்பிட்டால் திரும்பாது. அதனால் தூங்க வைத்து, நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் வயர் ஒட்டி, பெரா சோதனை. காது நன்றாக இருந்தது. பிறகு டாக்டரம்மா தரையில் உட்கார்ந்து சோப்புக் குமிழி ஊதினார். பாதியில் நிறுத்தினார். “இன்னும் வேணும்னா எப்படிக் கேக்கறான்னுதான் பாக்கறேன்” என்றார். அவன் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் கையைப் பிடித்துக் குமிழி டப்பா மேல் கொண்டுபோய் வைத்தான். வெளியே போன நாயை அவர் காட்டியபோது, நாயைப் பார்க்காமல் அவர் விரலைப் பார்த்தான். நாங்கள் வருடக்கணக்கில் பார்த்தும் பார்க்காதவற்றை அவர் ஒவ்வொன்றாகக் குறித்தார். மகள் நோட்டில் எழுதி வைத்திருந்ததை, எப்போது தலை நின்றது, எப்போது நடந்தான், எந்த வார்த்தை எந்த மாதம் போயிற்று என்பதை, முழுதாகப் படித்தார். டொனால்டின் அப்பா செய்ததும் இதைத்தான்.

ஆட்டிசம், கூடவே வளர்ச்சித் தாமதம் என்று சொன்னார். “உங்களால வந்தது இல்லம்மா” என்று மகளிடம் சொன்னார். அவள் அழுதாள். எனக்குப் பெரியம்மா நினைவு வந்தது. அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்க அவர் எங்கே போயிருக்க முடியும்?

இப்போது இடம் உண்டு, தூரம்தான் குறையவில்லை. பேச்சுப் பயிற்சிக்கும் ஆக்குபேஷனல் தெரபிக்கும் இன்னும் பெங்களூருக்கே பஸ்ஸும் ரயிலும் ஏறுகிறோம். ஒருநாள் கூலியை விட்டுவிட்டு எத்தனை அப்பாக்கள் இப்படி வர முடியும்? தாலுகாவுக்கு ஒரு பேச்சுப் பயிற்சியாளர் இருந்தால் போதும், பாதிப் பிள்ளைகள் கரையேறுவார்கள் என்று நம்புகிறேன். ஆண்டில் இரண்டு முறை அங்கன்வாடிக்கு ஆர்பிஎஸ்கே மருத்துவக் குழு வருகிறது. ஆர்பிஎஸ்கே என்பது குழந்தைகளின் உடல்நலத்தைப் பரிசோதிக்க 2013இலிருந்து நடக்கும் மத்திய அரசுத் திட்டம். அந்தக் குழு பார்க்க வேண்டிய பட்டியலில் ஆட்டிசமும் இருக்கிறது. ஆனால் எடையும் உயரமும் பார்த்தார்களா என்று கேட்கத் தெரிந்த தாய்மாருக்கு, பேச்சும் பார்த்தீர்களா என்று கேட்கலாம் என்பது தெரியாது.

ஆகவே இதைப் படிக்கும் அம்மாக்களுக்கும் ஆயாக்களுக்கும் என் வேண்டுகோள் இது. வசம்பு தடவுங்கள், மணியும் கட்டுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் ஒரு வயதில் பெயர் சொன்னால் திரும்பாத பிள்ளை, ஒன்றரை வயதில் வேண்டியதை விரல் நீட்டிக் காட்டாத பிள்ளை, வந்த வார்த்தையை இழந்த பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் அடுத்த பிறந்தநாள்வரை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். முதலில் காதைச் சோதியுங்கள். கண்டதை நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். அங்கன்வாடி டீச்சரிடம் சொல்லி, மருத்துவக் குழு வரும் நாளைக் கேட்டு, மாவட்ட ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதி வாங்குங்கள். அந்தச் சீட்டுக்குக் காசு கிடையாது.