அருகிவரும் தாவரங்கள் (காரைக்கால்): பறிப்பும் விற்பனையும் குறித்த சட்டங்கள்

காவிரிக் கடைமடையில் தமிழ்நாட்டு மாவட்டங்களும் வங்கக் கடலும் சூழ்ந்து கிடக்கும் காரைக்கால், புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்தது. மலையோ அடர்காடோ இல்லாத இவ்வூரில் நாட்டுச் செடிகள் வேலியோரத்திலும் வாய்க்கால் மேட்டிலும் கோயில் குளக்கரையிலும் அரசலாற்று முகத்துவாரத்திலும் பிழைத்திருக்கின்றன. தாவரங்களைக் காக்கும் சட்டங்களோ முதலில் காட்டை எண்ணியே எழுதப்பட்டன. காரைக்கால் பகுதியிலுள்ள திருநள்ளாற்று இறைவனின் பெயரே தர்ப்பாரண்யேசுவரர், தருப்பைக் காட்டுக்கு உரியவர். அங்கே தலவிருட்சமும் தருப்பைப் புல்தான். இந்தப் பகுதியில் காடு பெயரில் நிற்கிறது.

செடி சேகரிப்பின் எழுதப்பட்ட வரலாறு பக்கத்து ஊரிலிருந்து தொடங்குகிறது. காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது 1739இல். வடக்கே தரங்கம்பாடி டேனியர் வசம் இருந்தது. லின்னேயசின் மாணவரான மருத்துவர் கோனிக் 1768இல் அங்கு வந்திறங்கி, சோழமண்டலக் கரையின் செடிகளை உலர்த்தித் தாளில் ஒட்டி ஐரோப்பாவுக்கு அனுப்பினார். நம் கறிவேப்பிலையின் அறிவியல் பெயரில் 'கோனிகி' என்று நிற்பவர் அவர்தான். மறை ஊழியர் ராட்லரும் அவ்வழியே தொடர்ந்தார். அன்று செடியை எடுத்துச் செல்ல உரிமம் என்ற பேச்சே எழவில்லை.

பிரெஞ்சு ஆட்சி 1954இல் விலகியது. இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் முதலில் விலங்குகளையும் பறவைகளையுமே பட்டியலிட்டது. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகம் பற்றிய சைட்டீஸ் உடன்படிக்கையில் இந்தியா 1976இல் சேர்ந்தபோதும் உள்நாட்டில் இச்சட்டம் செடிகளுக்குக் காவல் தரவில்லை. 1991 திருத்தம்தான் 17ஏ முதல் 17எச் வரையிலான பிரிவுகளைச் சேர்த்து, 6 இனங்களைக் குறித்தது. இவற்றில் ஒன்றுகூடக் காரைக்கால் மண்ணில் விளைவதில்லை.

17ஏ பிரிவுக்கு இரண்டு கைகள் உண்டு. பறிப்பதற்கான தடை, வன நிலத்துக்கும் மத்திய அரசு அறிவிக்கும் இடங்களுக்கும் மட்டுமே. வைத்திருத்தல், விற்றல், கொண்டுசெல்லல் மீதான தடையில் அந்த எல்லை இல்லை. உயிருள்ளதோ காய்ந்ததோ, வேரோ பொடியோ, எல்லாம் அடங்கும். அந்த 6 இனங்களில் ஒன்று, நாட்டு மருந்துக் கடையில் கோஷ்டம் என்று கேட்டு வாங்கும், நெடி ஏறும் இமயமலை வேர். ஆகவே, பறிக்கும் விதிக்கு வேலையே இல்லாத ஊரில், விற்கும் விதி கடைவீதி அலமாரிவரை வந்து நிற்கிறது. பயிரிட்ட கோஷ்டத்தை விற்கலாம், உரிமம் வேண்டும். அந்த உரிமத்தைக் கடைக்காரருக்கு எளிதாக்குவதே காட்டு வேரைக் காக்க வழி என்பது என் கருத்து. 2022 திருத்தத்துக்குப் பின் இச்சட்டம் காக்கும் தாவரங்கள் அதன் 3ஆம் அட்டவணையில் இருக்கின்றன.

ஏற்றுமதிக்குத் தனி விதி. காட்டில் எடுத்த 29 தாவர வகைகளை வெளிநாட்டுக்கு அனுப்ப 1998இல் தடை வந்தது. மரமஞ்சள், சர்ப்பகந்தி, கச்சோலம், செஞ்சந்தனம் ஆகியவை அவற்றில் அடங்கும். முகத்துவாரத்து அலையாத்திகளுக்குக் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள் காவல்.

காட்டுக்கு வெளியே பார்த்த முதல் பெரிய சட்டம் 2002இன் பல்லுயிர்ச் சட்டம். அழிவின் விளிம்பில் உள்ள இனத்தை அறிவித்து, எங்கிருந்தும் எடுப்பதைத் தடுக்க அதன் 38ஆம் பிரிவு இடம் தருகிறது. ஒன்றியப் பகுதிகளுக்கு மாநில வாரியம் கிடையாது. வாரியத்துக்குரிய அதிகாரம் சென்னையிலுள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்திடம் இருக்கிறது, அது தன் அதிகாரத்தை ஒப்படைக்கலாம். கம்யூன் பஞ்சாயத்து அளவிலான பல்லுயிர் மேலாண்மைக் குழு தன் எல்லையில் வணிகத்துக்காக எடுப்போரிடம் கட்டணம் பெறலாம். உள்ளூர் மக்களுக்கும் வைத்தியர்களுக்கும் சட்டத்தில் சில விலக்குகள் உண்டு. 2023 திருத்தம் சிறைத் தண்டனையை நீக்கி அபராதத்தை வைத்தது. பயிரிட்ட மூலிகைக்கும் விலக்களித்தது. பயிர் எது, வேலிச் செடி எது என்று சாக்கைப் பிரித்துப் பார்த்துச் சொல்ல முடியாது. இந்த விலக்கு எனக்குக் கவலை தருகிறது.

கண்வலிக்கிழங்கு என்றும் வழங்கும் செங்காந்தள் இந்தக் கவலைக்குச் சான்று. எல்லைக்கு அப்பால் அது தமிழ்நாட்டின் மாநில மலர். 1991இன் ஆறிலும் இல்லை, 1998இன் இருபத்தொன்பதிலும் இல்லை. வேதாரண்யம் பக்கம் விதைக்காகப் பயிராகும் அதே கண்வலிக்கிழங்கு, மழைக்காலத்தில் வேலியில் இலைநுனியைச் சுருட்டிப் பற்றிக்கொண்டு தானாகவும் ஏறுகிறது.