கடல் கடந்த காக்கை

காக்கைக்குச் சோறிட்ட பின்னரே உண்பது தமிழர்தம் தொன்மையான வழக்கம். பிரிந்து சென்ற தலைவன் மீண்டு வந்து தோழியைப் பாராட்ட, அவளோ அப்பெருமை வரவுரைத்த காக்கைக்கே உரியதென்கிறாள். குறுந்தொகையின் 210ஆம் பாடல் கூறும் செய்தி இது. இதனைப் பாடிய நச்செள்ளையார் காக்கைபாடினியார் என்றே பெயர் பெற்றார். ஒரு பறவைக்கு இட்ட உணவினால் புலவர் ஒருவர் பெயர் பெற்றது எண்ணி மகிழத்தக்கது.

இவ்வழக்கத்தை உடன்கொண்டே நாகப்பட்டினத்தில் கப்பலேறிய தமிழர் பினாங்கில் இறங்கினர். கெடா மாநிலம் 1909இல் சயாமின் மேலாண்மையிலிருந்து பிரிட்டிஷார் கைக்கு மாறியது. அக்கால அளவில் பீடோங், செமிலிங், சுங்கைப் பட்டாணி வட்டாரங்களில் காடழித்து ரப்பர் நடப்பெற்றது. இராசேந்திர சோழன் 1025இல் கடாரத்தின்மீது படையெடுத்த செய்தியை நம் பள்ளிப் பிள்ளைகள் நன்கறிவர். அதே மண்ணில் லயத்து வீட்டின் பின்புறம் அமாவாசை நாளில் வாழையிலைச் சோற்றுடன் நின்ற பாட்டியைப் பற்றிப் பாடநூல்கள் பேசுவதில்லை.

அவர் "கா, கா" என அழைத்தபோது வந்திருக்கக் கூடியது எது? மலாயாக் காடுகளுக்கு உரியது அண்டங்காக்கை. உடல் முழுதும் கருமை, பருத்த அலகு. ஊர்ப்புறத் தமிழர் நன்கறிந்த சாம்பற் கழுத்து வீட்டுக் காக்கையோ இம்மண்ணுக்கு உரியதன்று. அதுவும் கடல் கடந்து வந்ததே.

இலங்கையில் இலைத்துரு நோயால் காப்பித் தோட்டங்கள் அழிந்தன. 1890களில் சிலாங்கூரில் காப்பி பயிரிடப்பட்டது. ஆயின் இங்கும் புழுக்கள் செடிகளின் இலைகளை மொட்டையடித்தன. அவற்றைத் தின்றழிக்கும் என்னும் நம்பிக்கையில், நூற்றாண்டின் திருப்பத்தை ஒட்டி, இலங்கையிலிருந்து வீட்டுக் காக்கைகள் கொணரப்பட்டுக் கிள்ளான் பகுதியில் விடப்பட்டன. காக்கை புழுவை மட்டும் தின்னும் பறவையன்று. சோறு, மீன் கழிவு, பிற பறவைகளின் முட்டை, குஞ்சு எதையும் விடாது. காப்பி விலை வீழ்ந்தது. தோட்டக்காரர்கள் ரப்பருக்கு மாறினர். காப்பி போயிற்று, காக்கை தங்கிவிட்டது.

தோட்டத்துரைமார் தம் தேவைக்கெனக் கடல் கடத்திக் கொணர்ந்தோரில் தமிழ்த் தொழிலாளரும் உளர் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் நிறுத்தப்பட்டது. கங்காணி வழி ஆள்சேர்ப்பு 1938இல் நின்றது. காக்கைக்கு ஒப்பந்தமும் இல்லை, ஊர் திரும்பக் கப்பலும் இல்லை. இவ்வொப்புமை சிலருக்குக் கசக்கலாம். எனினும் வரலாறு இருவரையும் ஒரே கணக்கேட்டில்தான் எழுதியிருக்கிறது.

பின்னாளில் பெருகிய காக்கைகளைக் கிள்ளானிலும் சிங்கப்பூரிலும் துப்பாக்கியால் சுட்டுக் குறைக்க முற்பட்டனர். சிங்கப்பூரில் 2020 முதல் காட்டுயிர்களுக்குத் தீனியிடுவதே குற்றமாயிற்று. வேண்டிக் கொணர்ந்ததை வேண்டாதபோது சுடுவதில் நேர்மை எங்கே என வினவலாம். ஆயினும் பிற பறவைகளின் கூடுகளை அது சூறையாடுவது உண்மை. குப்பையும் எஞ்சிய சோறும் மிகுந்த இடத்தில் அது பெருகுவதும் உண்மை. இலை நிறையக் கொட்டும் சோறு வேறு, ஒரு பிடி வைத்துவிட்டு இலையை எடுத்துவிடும் முன்னோர் முறை வேறு.

தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் மக்கள் பட்டணம் சேர்ந்த பின், அப்பிடிச் சோறு அடுக்குமாடி வீட்டின் கைப்பிடிச் சுவர்மேல் ஏறியது. காக்கையை மலாய்மொழி "காகாக்" என்கிறது. தமிழ்ப் பெயரைப் போன்றே அதுவும் பறவையின் குரலிலிருந்து பிறந்தது. அமாவாசை நண்பகலில் அச்சுவரருகே நின்று அழைப்பவர் இன்றும் அக்குரலிலேயே அழைக்கிறார்; வருவது அண்டங்காக்கையா வீட்டுக் காக்கையா என அவர் பார்ப்பதில்லை.