இராஜபாளையம் தந்த முதலமைச்சர்: பொதுப்பதவி எனும் அமானிதம்



நகர்மன்றத் தேர்தல் நெருங்கும் காலங்களில், ஜும்ஆ முடிந்து கூட்டம் கலைந்த பின்னர், இளைஞர் ஓரிருவர் அடியேனிடம் வந்து, தாம் வார்டில் நிற்கப்போவதாகவும் அதற்காக துஆச் செய்யவேண்டும் எனவும் கேட்பதுண்டு. துஆச் செய்வதில் எனக்குத் தயக்கமில்லை. ஆயினும் பேச்சின் ஊடே, "ஜெயித்தால் நமக்கு என்னென்ன கிடைக்கும் ஹஜ்ரத்?" என்ற கேள்வியும் வந்துவிடுகிறது. அவ்வேளைகளில் நான் அவர்களிடம் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "தம்பி, பதவி முடிந்து இறங்கும் நாளில் நீ எதைத் திருப்பித் தருவாய்?"

இந்தக் கேள்விக்கு நம் ஊரிலேயே ஒருவருடைய வாழ்க்கை விடையாக இருக்கிறது. காந்தி கலை மன்றத்தின் வாசலை அன்றாடம் கடந்து செல்லும் நம்மில் எத்தனைபேர் அந்த விடையை அறிந்திருக்கிறோம்? இராஜபாளையம் பஞ்சாயத்தில் பொதுவாழ்வைத் தொடங்கி, சென்னை மாநிலத்தின் முதலமைச்சராக உயர்ந்த பூ.ச. குமாரசாமி ராஜா அவர்களைப் பற்றியே இங்கு எழுத விழைகிறேன்.

உள்ளாட்சி வந்த வழி

நம் நாட்டில் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சிக்கு வித்திட்டது, வைஸ்ராய் ரிப்பன் பிரபு 1882ஆம் ஆண்டு மே மாதத்தில் வெளியிட்ட தீர்மானமாகும். அதன் பின்னர் படிப்படியாகச் சிற்றூர்களிலும் நகரங்களிலும் மன்றங்கள் அமைந்தன. ஸ்ரீவில்லிபுத்தூர் 1894ஆம் ஆண்டிலேயே நகராட்சியாகிவிட்டது. அதிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர் தொலைவிலுள்ள இராஜபாளையமோ நெடுங்காலம் பஞ்சாயத்தாகவே இருந்து, 1941ஆம் ஆண்டில்தான் நகராட்சி எனும் தகுதியைப் பெற்றது. இவ்விரு ஊர்களும் 1910 வரை திருநெல்வேலி ஜில்லாவிலும், பிறகு இராமநாதபுரம் ஜில்லாவிலும், 1985 முதல் இன்று விருதுநகர் மாவட்டம் என வழங்கும் பகுதியிலும் அடங்கியவை.

அக்காலத்தில் வாக்குரிமை எல்லோருக்கும் உரியதாக இருக்கவில்லை. சொத்து உடையவர், வரி கட்டுபவர், குறிப்பிட்ட கல்வித்தகுதி பெற்றவர் ஆகியோருக்கே அவ்வுரிமை இருந்தது. கூலிக்காரருக்கும் நெசவாளருக்கும் பெரும்பாலான பெண்களுக்கும் மன்றத்தின் கதவு மூடியே கிடந்தது.

பஞ்சாயத்திலிருந்து கோட்டை வரை

குமாரசாமி ராஜா அவர்கள் 1898ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள் இராஜபாளையத்தில் பிறந்தார்கள். குழந்தைப் பருவத்திலேயே தாயையும் தந்தையையும் இழந்து, உறவினரின் அரவணைப்பில் வளர்ந்தார்கள். செல்வக்குடியில் பிறந்திருந்தும், அநாதைப் பிள்ளையின் மனவேதனை இன்னதென்று அறிந்தே வளர்ந்தவர்கள். இளமையில் காந்தியடிகளின் கொள்கைகளில் ஈடுபாடு கொண்டு, தீரர் சத்தியமூர்த்தி அவர்களின் நட்பையும் பெற்றார்கள்.

அவர்களுடைய பொதுவாழ்வு இராஜபாளையம் பஞ்சாயத்தில் தொடங்கியது. 1934ஆம் ஆண்டில் டில்லியிலிருந்த மத்திய சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். சுதந்திரப் போராட்டத்தில் சிறையும் சென்றார்கள். நாடு விடுதலை பெற்ற 1947ஆம் ஆண்டில் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் அவர்களின் அமைச்சரவையில் இடம்பெற்று, அவருக்குப் பின்னர் 1949ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் மாகாணத்தின் பிரதமர் பொறுப்பை ஏற்றார்கள். 1950 ஜனவரி 26 அன்று நாடு குடியரசானபோது, அப்பதவி முதலமைச்சர் எனும் பெயரைப் பெற்றது. ஆகவே, அரசியல் சட்டத்தின் கீழ் சென்னை மாநிலத்தின் முதல் முதலமைச்சர் நம் இராஜபாளையத்துக்காரரே. அன்றைய சென்னை மாநிலம் இன்றைய தமிழ்நாடு மட்டுமன்று. கடற்கரை ஆந்திரம், ராயலசீமை, மலபார், தென்கன்னடம் ஆகியவற்றையும் உள்ளடக்கிய பெருநிலப்பரப்பு.

ஏற்பதிலும் ஒரு நேர்மை

இவ்விடத்தில் பக்கத்து ஊர்ச் செய்தி ஒன்றையும் நினைவுகூர்வது பொருத்தம். 1941ஆம் ஆண்டில் காமராஜர் அவர்கள் சிறையில் இருந்தபோதே விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். விடுதலையாகி வந்ததும் அப்பதவியை ராஜினாமாச் செய்துவிட்டார்கள். முழுமையாக நேரம் ஒதுக்கி நியாயம் செய்ய இயலாத ஒரு பொறுப்பைப் பெயருக்காக வைத்துக்கொள்ள அவர்கள் விரும்பவில்லை. இன்று ஒரே கையில் நான்கு சங்கங்களின் பொறுப்புகளைப் பிடித்துக்கொண்டு, ஒன்றின் கூட்டத்துக்கும் வராதிருப்போர் இதனைச் சிந்திக்கவேண்டும். நம் ஜமாஅத் நிர்வாகமும் இதற்கு விலக்கன்று.

பதவியில் செய்தவை

பஞ்சாயத்தில் தொடங்கியவர் அதனை மறக்கவில்லை என்பதற்குச் சான்று, அவர்கள் ஆட்சியில் நிறைவேறிய 1950ஆம் ஆண்டின் சென்னைக் கிராமப் பஞ்சாயத்துச் சட்டம். மக்கள்தொகை 500க்குக் குறையாத கிராமங்கள் தோறும் பஞ்சாயத்து அமைய இச்சட்டம் வழிவகுத்தது. வரி கட்டுபவருக்கே வாக்கு என்ற நிலை போய், வயதுவந்தோர் அனைவரும் வாக்களிக்கும் முறை கிராமத்தை எட்டியது. வேலிக்கு வெளியே நின்றவர்கள் உள்ளே வந்து அமரத் தொடங்கிய காலம் அது.

அவ்வாண்டிலேயே மற்றொரு சோதனையும் வந்தது. கல்லூரி இடங்களைச் சமூகவாரியாகப் பங்கிடும் வகுப்புவாரி அரசாணை சென்னையில் நடைமுறையில் இருந்தது. அதன்படி 14 இடங்களில் ஒன்று முஸ்லிம்களுக்கு உரியது. இவ்வாணை செல்லாது என உயர்நீதிமன்றம் 1950 ஜூலையில் தீர்ப்பளித்தது. குமாரசாமி ராஜா அரசு அதனை ஏற்று ஒதுங்கிவிடாமல் உச்சநீதிமன்றத்துக்கு மேல்முறையீடு செய்தது. 1951 ஏப்ரல் 9 அன்று அங்கும் தோல்வியே கிட்டியது. ஆயினும் தமிழகமெங்கும் எழுந்த கிளர்ச்சியின் விளைவாக, அவ்வாண்டு ஜூன் மாதத்தில் அரசியல் சட்டத்துக்கு முதல் திருத்தம் வந்தது. பிற்படுத்தப்பட்டோருக்குத் தனி ஏற்பாடு செய்யும் அதிகாரம் அதன் வழியே அரசுகளுக்குக் கிடைத்தது. நம் பிள்ளைகள் இன்று கல்லூரிகளில் பெறும் இடங்களுக்கும் அந்த நாட்களுக்கும் தொடர்புண்டு.

நிழலையும் சொல்லவேண்டும்

ஒருவரைப் பாராட்டி எழுதும்போது குறைகளை மறைத்துவிடுவது வரலாறு ஆகாது. அவர்களுடைய ஆட்சியில் கம்யூனிஸ்டுகள் மீது கடும் அடக்குமுறை நிகழ்ந்தது. 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் சிறையில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் 22 கைதிகள் உயிரிழந்தனர். பூட்டிய கதவுக்குள் இருக்கும் கைதியின் உயிர் முழுக்க முழுக்க அரசின் பொறுப்பில் உள்ளது. சுட்டவர் யாராயினும், ஆட்சியின் தலைமையில் இருப்பவர் அந்தக் கணக்கிலிருந்து விலகிக்கொள்ள முடியாது. உணவுப் பஞ்சமும் ரேஷன் குறைப்பும் மக்களை வாட்டின. அமானிதம் எவ்வளவு பெரிதோ, விசாரணையும் அவ்வளவு பெரிது.

சொந்த ஊர் கேட்ட கணக்கு

1952இல் வயதுவந்தோர் வாக்குரிமையின்படி முதல் பொதுத்தேர்தல் நடந்தது. அன்று இராஜபாளையத்துக்கெனத் தனித் தொகுதி கிடையாது. முதலமைச்சர் ஸ்ரீவில்லிபுத்தூர் தொகுதியில் நின்றார்கள், தோற்றார்கள். அமைச்சர்கள் பலரும் தோற்றனர். 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தவை 152 மட்டுமே.

சிந்தித்துப் பாருங்கள். எந்த மண்ணில் பிறந்தாரோ, எந்தத் தெருக்களுக்காகப் பஞ்சாயத்தில் அமர்ந்தாரோ, அதே மக்கள் மாநிலத்தின் முதலமைச்சரை வீட்டுக்கு அனுப்பினார்கள். எல்லோருக்கும் வாக்கு எனும் முறையைக் கிராமம்வரை கொண்டு சென்ற ஆட்சியின் தலைவரே, அவ்வாக்கின் தீர்ப்புக்கு முதலில் ஆளானவர்களில் ஒருவரானார். ராஜாஜி அவர்கள் மேலவை உறுப்பினராக நியமிக்கப்பட்டு, 1952 ஏப்ரல் 10 அன்று முதலமைச்சரானார்கள். குமாரசாமி ராஜா அவர்கள் பதவியை விட்டு இறங்கினார்கள்.

இறங்கிய பின்

1954 பிப்ரவரியில் அவர்கள் ஒரிசா மாநிலத்தின் ஆளுநராக நியமிக்கப்பட்டார்கள். அவர்களுக்கு முன் அந்நாற்காலியில் இருந்தவர் நீதியரசர் சையித் ஃபஸல் அலி அவர்கள். மொழிவாரி மாநிலங்களைப் பரிந்துரைத்த மாநிலச் சீரமைப்புக் குழுவுக்குத் தலைமை ஏற்க அங்கிருந்து சென்றவர். 1956 வரை ஆளுநராக இருந்துவிட்டு, 1957 மார்ச் 16 அன்று குமாரசாமி ராஜா அவர்கள் காலமானார்கள்.

அவர்கள் விட்டுச்சென்றது என்ன? தாம் வாழ்ந்த இல்லத்தையே காந்தி கலை மன்றத்துக்காக ஊருக்கு வழங்கினார்கள். செல்வக்குடியில் பிறந்து, பஞ்சாயத்து முதல் முதலமைச்சர் வரை பதவிகளைக் கண்ட ஒருவர், முடிவில் தம் சொந்த வீட்டையே பொதுவுக்கு ஆக்கினார். தம்மை நிராகரித்த தொகுதி மக்களுக்கு அவர் காட்டியது கோபமன்று. வாசல் திறந்த ஒரு வீடு. பதவியில் இருக்கும்போது வீட்டைப் பெரிதாக்கிக்கொள்வோர் மிகுந்த உலகில், இந்த ஒரு செய்தியே ஒரு பாடமாகும்.

நமக்குரிய பாடம்

அரசியல் சட்டத்தின் 74ஆம் திருத்தம் 1993 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்து, நகராட்சிகளுக்குரிய 18 பணிகளைப் பட்டியலிட்டுள்ளது. குடிநீர், சாலை, சுகாதாரம், தெருவிளக்கு ஆகியவற்றுடன் அடக்கத்தலங்களும் அதில் உள்ளன. நம் கபர்ஸ்தானின் பாதையும் விளக்கும்கூட நகர்மன்றத்தின் மேசைக்குச் செல்லும் விஷயங்களே.

ஆயினும் 2016 அக்டோபரில் மன்றங்களின் காலம் முடிந்தபின், 2022 பிப்ரவரி 19 அன்று வாக்குப்பதிவு நடக்கும்வரை, ஐந்தாண்டுகளுக்கும் மேலாகத் தமிழக நகரங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களே இல்லை. குழாயில் தண்ணீர் வராவிட்டாலும், சாக்கடை நிரம்பி வழிந்தாலும், தெருவில் நின்று பெயர் சொல்லிக் கேட்க ஓர் ஆள் இல்லாத காலம் அது. அப்போதுதான் கவுன்சிலர் எனும் சிறிய பதவியின் பெரிய பொருள் பலருக்கு விளங்கியது. அத்தேர்தலில் இராஜபாளையத்தின் 42 வார்டுகளுக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரின் 33 வார்டுகளுக்கும் உறுப்பினர்கள் வந்தனர். இடங்களில் பாதி பெண்களுக்கு உரியதாகியது. நம் வீட்டுப் பெண்களும் அப்பொறுப்புக்குத் தகுதியானவர்களே என்பதை நாம் உணரவேண்டும்.

ஆகவே, வார்டில் நிற்க விரும்பும் இளைஞர்களுக்கு அடியேன் கூறுவது இதுவே. முழுமையாகச் செய்ய இயலுமா என்று முதலில் உங்களையே கேளுங்கள். இயலாதெனில் காமராஜரைப்போல் விட்டுவிடுங்கள். ஏற்றுக்கொண்டால், வாக்களித்தவர் வாக்களிக்காதவர் என்று பாராமல், அண்டைத் தெருவின் குழாயையும் உங்கள் தெருவின் குழாயாகக் கருதுங்கள். மக்கள் கணக்குக் கேட்கும் நாளில் சினம் கொள்ளாதீர்கள். இறங்கும் நாளில் ஊருக்கு எதையேனும் விட்டுச்செல்லுங்கள்.

பதவி நமக்குச் சொந்தமன்று. சிலகாலம் கையில் தரப்பட்ட அமானிதம். அமானிதத்தின் அழகு, அதனைக் குறையின்றித் திருப்பி ஒப்படைப்பதில் இருக்கிறது.