அணிலும் ‘அம்மா’வும்: ராவெலின் சிறுவர் இசை நாடகத்தில் அறிவு விழிக்கும் இடம்

ஐரோப்பியச் சிறுவர் இசை நாடகத்தில் தீமை நெடுங்காலம் வெளியிலேயே இருந்தது. 1893இல் வைமாரில் அரங்கேறிய ஹம்பர்டிங்கின் ‘ஹான்சலும் கிரெட்டலும்’ நாடகத்தில் சூனியக்காரி அடுப்பில் விழுந்ததும் சிக்கல் தீர்கிறது. மோரிஸ் ராவெல் இசையமைத்து, கொலெட் கதையெழுதிய ‘குழந்தையும் மாயங்களும்’ (மான்டே கார்லோ, 21 மார்ச் 1925) அந்தத் தீமையைச் சிறுவனுக்குள்ளேயே வைத்தது. பாடம் படிக்க மறுக்கும் ஆறேழு வயதுச் சிறுவன் கோப்பையை உடைக்கிறான், கூண்டிலிருக்கும் அணிலைப் பேனாவால் குத்துகிறான், சுவர்த்தாளைக் கிழிக்கிறான். அடிபட்டவை எல்லாம் எழுந்து பாடுகின்றன.

இந்நாடகத்துக்கு மிகுந்த செல்வாக்குப் பெற்ற விளக்கத்தைத் தந்தவர் உளப்பகுப்பாய்வாளர் மெலனி கிளைன். 1929இல் எழுதிய கட்டுரையில், சிறுவனின் அழிவுச் செயல்களைத் தாயின் உடல்மீது கற்பனையில் நிகழும் தாக்குதலாக அவர் கண்டார். பொருள்கள் உயிர்பெறுவது அத்தாக்குதலுக்குப் பழிவாங்கல் வருமோ என்ற அச்சம். அணிலுக்குக் கட்டுப்போடுவது அன்பின் மீட்சி. சிறுவன் இரக்கம் கற்றுக்கொண்டு தாயோடு ஒன்றுகிறான் என்பது அவர் முடிவு. குழந்தையின் கொடுமையையும் அச்சத்தையும் பூசி மெழுகாமல் நேர்கொண்டு பார்த்தது அக்கட்டுரையின் பெருமை. ஆனால் அதன் அடித்தளம் ஒரு நாளிதழ்ச் செய்தி. வியன்னாவில் நடந்த நிகழ்ச்சியைப் பற்றி எட்வர்ட் யாக்கோப் ‘பெர்லினர் டாகெப்ளாட்’ இதழில் எழுதிய கதைச்சுருக்கத்தையே கிளைன் ஏறத்தாழ அப்படியே எடுத்தாண்டார்.

அந்தச் சுருக்கம் கொலெட்டின் மூலத்திலிருந்து விலகும் இடங்களில் ஒன்று சிறியது: மூலத்தில் அணிலின் காலைக் கட்டுவது ஒரு நாடா, கிளைனிடம் அது சிறுவனின் கழுத்துத்துணி. மற்றொன்றே வாதத்தின் மையத்தைத் தொடுகிறது. கிளைனின் சுருக்கத்தில் தோட்டத்துக்கு வந்த சிறுவன் அணிலுக்குக் கட்டுப்போட்ட பிறகுதான் ‘அம்மா’ என்கிறான். மூலத்தில் அந்த விளி அதற்கும் முன்பே வந்துவிடுகிறது. அணிலின் அழகிய கண்களைப் பார்க்கவே அதைக் கூண்டில் வைத்ததாகச் சிறுவன் சொல்ல, அக்கண்களில் தெரிந்தது வெளியே திரியும் தன் இனமும் திறந்த வானமும்தான் என்று அணில் மறுமொழி தருகிறது. சுற்றிலும் விலங்குகள் ஒன்றையொன்று கொஞ்சி விளையாட, தான் மட்டும் தனித்து நிற்பதை உணர்ந்து சிறுவன் தன்னையறியாமல் ‘அம்மா’ என்கிறான். விலங்குகள் பாய்வதும், அந்த அமளியில் அணில் காயப்படுவதும், கட்டுப்போடுவதும் அதற்குப் பிறகே.

இந்த வரிசையை ஏற்றால், அறிவு விழிப்பது கட்டுப்போடும் கணத்தில் அல்ல. பிறர் துயரைக் காதுகொடுத்துக் கேட்டபோதே அது தொடங்கிவிட்டது. கட்டு அதன் விளைவு. ராவெலின் கடிதமும் இப்பக்கமே சாய்கிறது. 1919 பிப்ரவரியில் கொலெட்டுக்கு எழுதியபோது, அணிலின் பேச்சை விரிவாக்க முடியுமா என்று அவர் கேட்டார். இன்றுள்ள கூண்டுப் பேச்சு அந்த வேண்டுகோளால் வளர்ந்ததா என்பதைக் கடிதத்தை மட்டும் கொண்டு முடிவுகட்ட இயலாது. கொலெட் கதையை எழுதிய காலமும் 1914 முதல் 1916 வரை பலவாறு குறிக்கப்படுகிறது. ஆயினும் இசையமைப்பாளரின் நாட்டம் அணிலின் குரலில் இருந்தது ஐயத்துக்கு இடமற்றது.

இசை தரும் சான்று இன்னும் வலுவானது. நாளிதழ்ச் சுருக்கம் வழியே அது கிளைனை எட்டியிருக்க வழியில்லை. நாடகம் இரண்டு ஓபோக்களின் இணைநடையோடு தொடங்குகிறது. இறுதியில் விலங்குகள் சிறுவனை நல்லவன் என்று பாடி விலகும்போது அதே ஓபோக்கள் திரும்புகின்றன. சிறுவனின் கடைசி ‘அம்மா’ நான்காம் இடைவெளியில் கீழிறங்குகிறது. தாய் அப்போது மேடையில் இல்லை. அவள் மன்னித்ததாகவோ அணைத்ததாகவோ இசை காட்டவில்லை. சிறுவனுக்குச் சான்று வழங்குபவை அவனால் துன்புற்ற உயிர்களே. ஆகவே தாயோடு ஒன்றுதல் என்ற கிளைனின் முடிவு தாயை நோக்கிய விழைவை விளக்கலாமே தவிர, அறிவின் பிறப்பை விளக்காது.

மோரிஸ் சென்டாக்கின் கதைக்கு ஆலிவர் நஸ்ஸன் அமைத்த ‘காட்டுயிர்கள் வாழும் இடம்’ (பிரஸ்ஸல்ஸ், 1980) இதே வழியில் அடுத்த படி. அங்கும் சிறுவனின் தனிமை முதலில், வீடு திரும்புதல் பிறகு. சென்டாக் 1987இல் கிளைண்ட்போர்னில் ராவெலின் நாடகத்துக்கு மேடை வடிவமைத்தது இரு படைப்புகளின் உறவைக் காட்டுகிறது. எனினும் அந்தப் பணி நஸ்ஸனின் நாடகத்துக்குப் பிந்தியது என்பதால் நேரடித் தாக்கத்துக்கு அதைச் சான்றாகக் கொள்ள முடியாது.