தூங்கும்போதும் உழைக்கும் மூளை

தூக்கத்தை வீண்பொழுது என்று எண்ணியவர்கள் அறிவாளிகளிடையேயும் உண்டு. மின்விளக்கைப் பரப்பிய தாமஸ் எடிசன், மக்கள் அளவுக்கு மிஞ்சித் தூங்குகிறார்கள் என்று குறைபட்டுக் கொண்டவர். உறங்கும் மூளை ஓய்ந்து கிடக்கும் மூளை என்பதே நெடுங்காலம் அறிஞர் பலரின் கருத்தாகவும் இருந்தது. அக்கருத்து வீழ்ந்த வரலாறு அறியத்தக்கது.

ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் மனித மூளையின் மெல்லிய மின் அலைகளை 1924-ம் ஆண்டில் முதன்முதலாகப் பதிவு செய்தார். 1929-ல் அதை உலகுக்கு அறிவித்தார். உறங்குபவரை எழுப்பாமலே அவர் மூளையை ஆராய வழி பிறந்தது.

சிக்காகோ பல்கலைக்கழகப் பேராசிரியர் நதானியல் கிளைட்மன் தம் வாழ்நாளையே தூக்க ஆராய்ச்சியில் செலவிட்டவர். 1938-ல் அவரும் மாணவர் ஒருவரும் கென்டக்கி மாநிலத்து மாமத் குகையில், பகலொளி படாமல் 32 நாள் தங்கினர். நாளொன்றுக்கு 28 மணி நேரம் என வகுத்துக் கொண்டு உறங்கி விழித்தனர். இளைஞரான மாணவர் அதற்குப் பழகிக் கொண்டார். பேராசிரியரின் உடலோ 24 மணிக் கணக்கை விடவேயில்லை.

அவரிடம் பயின்ற யூஜீன் அசெரின்ஸ்கி, 1951-ல் உறங்கும் தம் எட்டு வயது மகனின் கண்ணசைவையும் மூளை அலைகளையும் பழங்கருவி ஒன்றில் பதிந்தார். மூடிய இமைக்குள் கண்கள் விரைந்தோடின. அலைகளோ விழித்திருப்பவருடையவை போன்றிருந்தன. கருவி பழுதோ என ஐயுற்றுப் பன்முறை சோதித்த பின், 1953-ல் ஆசிரியரும் மாணவரும் முடிவை வெளியிட்டனர். உறங்கும் மூளை ஓய்ந்திருக்கவில்லை என்பது உறுதியாயிற்று.

அப்படியானால் அது செய்யும் வேலை என்ன? 2013-ல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகக் குழுவினர், உறங்கும் சுண்டெலிகளின் மூளையில் உயிரணுக்களின் இடைவெளி 60 விழுக்காட்டுக்கு மேல் விரிந்து, கழிவுகள் விரைவில் நீங்குவதாகக் கண்டனர். அல்சைமர் மறதி நோயில் மூளையில் படியும் அமிலாய்டு புரதமும் அக்கழிவுகளில் ஒன்று. 2024-ல் லண்டன் ஆராய்ச்சியாளர் இதற்கு மாறான முடிவைக் கண்டனர். இவ்வழக்கு இன்னும் தீரவில்லை.

ஆயினும் மனிதரிடம் கண்ட உண்மை புறக்கணிக்கத்தக்கதன்று. பிரிட்டனில் ஏறக்குறைய 8,000 பேரை 25 ஆண்டுகள் கவனித்த ஆய்வொன்று 2021-ல் வெளிவந்தது. 50 வயது தொடங்கி 70 வரை இரவுக்கு ஆறு மணி நேரமோ அதற்கும் குறைவாகவோ உறங்கி வந்தோருக்கு, ஏழு மணி நேரம் உறங்கியோரைவிட மறதி நோய் வரும் வாய்ப்பு 30 விழுக்காடு மிகுதி. குறைந்த தூக்கமே நோய்க்குக் காரணம் என இது மெய்ப்பித்து விடவில்லை, எச்சரிக்கிறது. முதுமையில் நினைவைக் காக்க விரும்புவோர், நடுவயதிலேயே உறக்கத்தைக் காப்பது அறிவுடைமை.