ஓடும்போதே ஒட்ட வைப்பது: பழைய யூனிக்ஸில் ஷேர்டு லைப்ரரி வந்த கதை

1990களின் தொடக்கத்தில் பெர்ல் மொழியில் டேட்டாபேஸ் வேலை செய்தவர்களுக்கு ஒரு விசித்திரமான தலைவலி இருந்தது. ஆரக்கிளோடு பேச வேண்டுமா? அதற்கு 'ஓராபெர்ல்' என்று ஒரு தனி பெர்ல். சைபேஸோடு பேச வேண்டுமா? 'சைப்பெர்ல்' என்று இன்னொன்று. ஒரே ஸ்கிரிப்டில் இரண்டோடும் பேச வேண்டுமென்றால், இரண்டு லைப்ரரிகளையும் சேர்த்து ஒட்டி மூன்றாவதாக ஒரு பெர்லை நீங்களே தயாரித்துக்கொள்ள வேண்டும்! ஓடிக்கொண்டிருக்கும் பெர்ல் 4-இடம் "இந்த லைப்ரரியையும் சேர்த்துக்கொள்" என்று சொல்ல வழியே இல்லை.

ஏன் இப்படி? கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம்.

லைப்ரரி என்பது பல புரோகிராம்களுக்கும் பொதுவான வேலைகளைச் செய்யும் ஃபங்ஷன்களின் தொகுப்பு. திரையில் எழுதுவது, ஃபைலைத் திறப்பது மாதிரி. ஆரம்பகால யூனிக்ஸில் லிங்கர் என்கிற கருவி, புரோகிராமுக்கு வேண்டிய ஃபங்ஷன்களை லைப்ரரியிலிருந்து பிரதி எடுத்து அதற்குள்ளேயே ஒட்டிவிடும். ஒரு கம்பெனிக்கு நூறு கிளை இருந்தால், ஒவ்வொரு கிளையிலும் விலைப்பட்டியலை அச்சடித்து வைப்பது போல. விலை மாறினால் நூறையும் திரும்ப அச்சடிக்க வேண்டும்.

ஓடும்போது இணைப்பது என்ற யோசனை அப்போதே புதிதல்ல என்பதுதான் வேடிக்கை. 1960களில் எம்ஐடி, ஜெனரல் எலக்ட்ரிக், பெல் லேப்ஸ் மூன்றும் சேர்ந்து கட்டிய மல்டிக்ஸில் அந்த வசதி இருந்தது. 1969ல் பெல் லேப்ஸ் அதிலிருந்து விலகியது. அங்கே கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் ஒரு சின்ன மெஷினில் எளிமையாக யூனிக்ஸை எழுதியபோது இதையெல்லாம் தூக்கிச் சுமக்கவில்லை. அன்றைய புரோகிராம்களின் அளவுக்கு அது சரியான முடிவுதான்.

1980களின் நடுவில் நிலைமை மாறியது. ஜன்னல், மெனு என்று கிராஃபிக்ஸ் வந்தது. எக்ஸ் விண்டோ லைப்ரரிகள் வந்தன. ஒரு சாதாரண கடிகாரப் புரோகிராம்கூட இவற்றையெல்லாம் வயிற்றில் சுமக்க ஆரம்பித்தது. அப்போது வந்த சன் 3/50 மெஷினில் மெமரி மொத்தமே 4 மெகாபைட். பல இடங்களில் அதற்கு டிஸ்க்கும் கிடையாது. எல்லாம் நெட்வொர்க் வழியாக சர்வரிலிருந்து வர வேண்டும். ஒரே ஃபங்ஷனின் பத்துப் பிரதிகள் அந்த 4 மெகாபைட்டுக்குள் உட்கார்ந்தால் என்ன ஆகும்?

ஏடி அண்ட் டி தந்த முதல் விடை சிஸ்டம் 5 ரிலீஸ் 3-இல் இருந்தது. லைப்ரரி எல்லோருக்கும் பொது. ஆனால் ஒவ்வொரு லைப்ரரிக்கும் மெமரியில் ஒரு நிலையான முகவரி. பந்தியில் இலைக்கு இலை பெயர் எழுதி வைப்பது போல, எந்த லைப்ரரி எங்கே உட்காரும் என்பதை முன்கூட்டியே யாராவது தீர்மானிக்க வேண்டும். லைப்ரரியில் ஒரு ஃபங்ஷன் கொஞ்சம் பெரிதானால் பின்னால் இருப்பவை எல்லாம் நகர்ந்துவிடும். அதற்காக முன்னால் ஒரு தாவல் அட்டவணை வைத்தார்கள். புரோகிராம் அட்டவணைக்குப் போகும், அட்டவணை உண்மையான இடத்துக்கு அனுப்பும். ஃபங்ஷனுக்கு இது சரி. லைப்ரரிக்குள் இருக்கும் பொது டேட்டாவுக்கு இந்த வித்தை பலிக்காது. அது இடம் மாறவே கூடாது. இப்படி ஒரு லைப்ரரியைத் தயாரிப்பது பெரும் அவஸ்தை.

உண்மையான தாவல் சன் நிறுவனத்திடமிருந்து வந்தது. 1987 கோடையில் யூஸ்நிக்ஸ் மாநாட்டில் அதன் பொறியாளர்கள் திட்டத்தை விளக்கினார்கள்; 1988ல் சன்ஓஎஸ் 4.0-இல் அது வெளியானது. எந்த முகவரியில் வைத்தாலும் ஓடும் விதத்தில் லைப்ரரியை எழுதிவிடுவது, புரோகிராம் தொடங்கும்போது காலியாக இருக்கும் இடத்தில் அதை மாட்டுவது. இவ்வளவுதான் சாரம். கோட் பகுதி எல்லோருக்கும் ஒரே பிரதி. டேட்டாவில் யாராவது எழுதினால் மட்டும் அவருக்குத் தனிப் பிரதி. ஒரு ஃபங்ஷனை முதல்முறை கூப்பிடும்போதுதான் அது எங்கே இருக்கிறது என்றே தேடுவார்கள். இதற்கு விலையும் உண்டு: புரோகிராம் தொடங்கக் கொஞ்சம் தாமதம், ஓடும்போதும் சற்று வேகக் குறைவு.

முகவரிச் சிக்கல் தீர்ந்ததும் அடுத்த கதவும் திறந்தது. தொடங்கும்போது மாட்ட முடியும் என்றால், ஓடிக்கொண்டிருக்கும்போது ஏன் முடியாது? சன்ஓஎஸ் 4 வரிசையில் இதற்காக டிஎல்ஓப்பன், டிஎல்சிம் என்று ஃபங்ஷன்கள் வந்தன. ஒன்று லைப்ரரியைத் திறக்கும். மற்றது பெயர் சொன்னால் ஃபங்ஷனைத் தேடித் தரும். சன்னும் ஏடி அண்ட் டியும் சேர்ந்து செய்த சிஸ்டம் 5 ரிலீஸ் 4-இலும் இவை இடம்பெற்றன. கூடவே எல்ஃப் என்ற புதிய ஃபைல் வடிவமும் வந்தது.

அப்புறம் என்ன, எல்லோரும் இதையே எடுத்துக்கொண்டார்களா? அதுதான் இல்லை :-) எச்பி-யுஎக்ஸில் எஸ்எச்எல் லோடு என்று வேறு ஃபங்ஷன், லைப்ரரி ஃபைலின் வால் பெயர்கூட வேறு. ஐபிஎம்மின் ஏஐஎக்ஸில் வெறும் லோடு. அது நுழைவாயிலின் முகவரியை மட்டும் கையில் கொடுக்கும். பெயர் சொல்லித் தேட ஆரம்பத்தில் வழியில்லை. நெக்ஸ்ட் மெஷினில் இன்னொரு முறை. எதுவுமே இல்லாத யூனிக்ஸ்களுக்காக டேவிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் 'டிஎல்டி' என்று ஒன்று எழுதினார்கள். எல்லாமே யூனிக்ஸ்தான் என்று விளம்பரம். கதவைத் திறக்க மட்டும் ஆளுக்கொரு சாவி!

சுமை யார் தலையில் விழுந்தது என்றால், எல்லா மெஷினிலும் ஓட வேண்டிய மென்பொருளை எழுதியவர்கள் தலையில். 1994 அக்டோபரில் வந்த பெர்ல் 5-இல் டைனாலோடர் என்ற பகுதி இருந்தது. அதற்குள் சன் வகைக்கு ஒரு ஃபைல், எச்பிக்கு ஒன்று, ஏஐஎக்ஸுக்கு ஒன்று, நெக்ஸ்டுக்கு ஒன்று. எந்த வசதியும் இல்லாத சிஸ்டத்துக்கு 'இல்லை' என்று சொல்வதற்கென்றே ஒன்று! டிசிஎல் மொழியிலும் இதே போல ஒரு வரிசை. சலிப்பான வேலைதான். ஆனால் அதைச் செய்ததால்தான் ஓராபெர்லும் சைப்பெர்லும் தனித்தனி பெர்ல்களாக இருக்க வேண்டிய அவசியம் போயிற்று; டேட்டாபேஸ் இணைப்புகள் சாதாரண மாட்யூல்கள் ஆயின. டிஎல்ஓப்பன் பொதுத் தரத்துக்குள் வந்தது 1997ல், சிங்கிள் யூனிக்ஸ் ஸ்பெசிஃபிகேஷனின் இரண்டாம் பதிப்பில்.

பிரதி எடுத்து ஒட்டும் பழக்கத்தின் முழு விலை 2002 மார்ச்சில் தெரிந்தது. எங்கும் பயன்படும் இஸட்லிப் என்ற சுருக்கும் லைப்ரரியில் ஒரு பாதுகாப்பு ஓட்டை. ஷேர்டு லைப்ரரியாகப் பயன்படுத்திய புரோகிராம்களுக்கு ஒரே ஒரு ஃபைலை மாற்றினால் போதும். உள்ளே பிரதி எடுத்து வைத்திருந்தவற்றை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்துத் திரும்பக் கட்ட வேண்டியிருந்தது.

1991ல் பிறந்த லினக்ஸ் சன்னைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கும் என்றுதானே தோன்றும்? அதுவும் முதலில் எளிமை கருதி நிலையான முகவரி வழியில்தான் போனது. எந்த லைப்ரரிக்கு எந்த முகவரி என்று ஒரு பட்டியல் வைத்துப் பங்கு பிரித்தார்கள். 1995 வாக்கில்தான் எல்ஃபுக்கு மாறினார்கள். ஏ.அவுட் என்ற அந்தப் பழைய ஃபைல் வடிவத்துக்கான ஆதரவை லினக்ஸ் கெர்னலிலிருந்து கடைசியாகத் துடைத்தெடுத்தது 2022ல்.